என் பயணம் ஒரு ரிஸ்க்

அமெரிக்காவில், நியூ ஜெர்சியின் ஐசலினில் குடியிருந்துகொண்டு ஒரு பெரிய வங்கியின் ஐ.டி. பிரிவில் வேலை பார்க்கிறேன். பழைய பணப் பரிமாற்ற மென்பொருளைத் தூக்கிவிட்டுப் புதியதைப் போடுவதுதான் எங்கள் ப்ராஜெக்ட். போடும் நாளுக்கு 'கோ-லைவ்' என்று பெயர். அதற்கு முன் ஒரு கூட்டம் நடக்கும். போடலாம் என்றால் 'கோ', வேண்டாம் என்றால் 'நோ கோ' என்று ஒவ்வொரு குழுத் தலைவரும் சொல்ல வேண்டும். 'கோ' சொல்லி ஏதாவது கெட்டுப்போனால் சொன்னவர் தலை உருளும். 'நோ கோ' சொன்னதற்காக இதுவரை ஒருவருக்கும் வேலை போனதில்லை. பிறகு எவன் 'கோ' சொல்வான்?

ஈரோட்டில் அப்பாவுக்கு இதயம் பலவீனமாகிக்கொண்டே வந்தது. "ஒருக்கா வந்துட்டுப் போ கண்ணு" என்றார். அவர் எதையும் கேட்கிற ஆள் இல்லை.

மேனேஜரிடம் லீவு கேட்டேன். சென்னைக்காரர். நல்ல மனிதர், அதுதான் கொடுமை.

"போக வேணாம்னு சொல்லல. ஆனா விசா ஸ்டாம்பிங்ல மாட்டிக்கிட்டுத் திரும்பி வர முடியலன்னா? இந்தியாலேருந்து லாகின் பண்ண பேங்க் விடாது. கோ-லைவ் முடியட்டும், ஒரு மாசம் நிம்மதியா போயிட்டு வாங்க."

அன்றைக்கே ப்ராஜெக்டின் ரிஸ்க் பட்டியலில் என் பயணம் ஏறிவிட்டது. சர்வர் படுத்துவிடுவதற்கும் டேட்டா தொலைவதற்கும் நடுவில் நான். வாராவாரம் அதை வாசித்து, "இன்னும் ஓப்பன்" என்பார்கள். பெற்ற அப்பனைப் பார்க்கப் போவது இவர்களுக்கு ஆபத்தாம். எரிச்சலாக வரும்.

கோ-லைவ் தள்ளிப்போனது. ஒருமுறை ஆடிட் கையெழுத்து வரவில்லை. இன்னொருமுறை வருடக் கடைசி, எதையும் தொடக்கூடாது என்றார்கள். ஒவ்வொரு முறையும் அப்பாவிடம், "அடுத்த மாசம் வந்தர்றேன்ப்பா" என்றேன்.

"வேலையப் பாரு கண்ணு. நா எங்க போயிறப் போறேன்?"

அடுத்த கூட்டம் வருவதற்குள் போய்விட்டார். உடனே கிளம்பினாலும் எடுப்பதற்குள் போய்ச்சேர முடியாது. தம்பி அங்கே போனைப் பிடித்துக் காட்ட, இங்கே சமையல் மேடையில் சாய்த்து வைத்த போனில் அப்பாவைக் கடைசியாகப் பார்த்தேன். நடுவில் படம் உறைந்து நின்றுவிட்டது. போனைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

கூட்டத்தன்று காலை மேனேஜர் தனியாகக் கூப்பிட்டார்.

"சாரிம்மா. கேக்கவே கஷ்டமா இருக்கு. அந்த ட்ராவல் ரிஸ்க்க க்ளோஸ் பண்ணிடலாமா?"

"பண்ணிடுங்க" என்றேன்.

கூட்டத்தில் அன்றும் 'நோ கோ'தான். கடைசியில் ரிஸ்க் பட்டியலை வாசித்தார்கள். என் பயணத்தை மூடிவிடச் சம்மதமா என்று மேனேஜர் கேட்டார். எல்லாரும் உடனே சம்மதித்தார்கள். ஒருவருக்கும் தயக்கமே இல்லை.