அக்காவின் சடை காய்ந்த பிறகு

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் ஏந்தும் உறவினர்க்கும் நண்பர்க்கும் வணக்கம். இறந்தவரைப் பற்றி நல்லதை மட்டும் எழுதுவது முறை. பத்திரப் பதிவு அலுவலகத்தில் முறைகளோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவள் நான். அதை மீற மாட்டேன். ஆனால் அக்காவின் நல்லவை பலவும் எனக்குப் பொறாமை ஊட்டியவை. அதையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

அக்கா பிறந்தது சமயநல்லூரில், விவசாயக் குடும்பத்தில். வீட்டிலிருந்த சுருட்டை முடி மொத்தத்தையும் அவர் எடுத்துக்கொண்ட பிறகு நான் பிறந்தேன். பள்ளிக்கூடம் போகும் வழியில் பூக்கார அம்மா அவர் தலையில் கனகாம்பரம் வைத்துவிட்டு என்னைப் பார்ப்பார். "உனக்கு எதுக்குத்தா? வச்சா நிக்காது" என்பார்.

மணமாகி ஆனையூருக்கு வந்தார். சில ஆண்டுகளில் அத்தான் படுக்கையில் விழுந்தார். அவரைப் பார்த்துக்கொண்ட மாதங்களில் அக்கா சீப்பைத் தொடவில்லை. அத்தான் போனபோது முடி திரிதிரியாக இறுகிச் சடை விழுந்திருந்தது. வெட்டிவிடச் சொன்னது உறவு. "அவரு கோதுன முடி. இருந்துட்டுப் போகட்டும்" என்றார் அக்கா. தையல் கடை வைத்து ஒரே மகனைப் படிக்க வைத்தார்.

சடையைக் கண்ட தெருவோ, அம்மன் இறங்கிவிட்டாள் என்று கும்பிட்டது. ஒரு பங்குனிப் பொங்கலன்று வாசலில் நின்றவர் தலையில் மஞ்சளையும் சந்தனத்தையும் கரைத்து ஊற்றிவிட்டார்கள்.

"ஏத்தா, நான் சாமியும் இல்ல, பூதமும் இல்ல. முடி சடை விழுந்துருச்சு, அம்புட்டுதான். உள்ள போன மஞ்சளை இனி யாரு எடுக்கிறது, உங்க ஆத்தாவா?"

திட்டு வாங்கியவர்களும் கும்பிட்டுவிட்டே போனார்கள். என்னை ஒருவரும் கும்பிட்டதில்லை.

சடை என்றால் அழுக்கு என்று நினைப்போர் அறிய இதைச் சொல்கிறேன். வாரம் தவறாமல் தலைக்கு ஊற்றுவார். சீயக்காயையும் பூந்திக்கொட்டையையும் கொதிக்க வைத்து, பழைய வேட்டியில் வடிகட்டி, தெளிந்த நீரை மட்டும் எடுப்பார். பொடி உள்ளே தங்கினால் நாறும். விரல் நுனியால் மண்டையைத் தேய்த்து, சடைகளை ஒவ்வொன்றாகப் பிழிந்து அலசுவார். ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் வேர்ப்பக்கத்தில் விரலால் பிரித்து விடுவார். எண்ணெய் மண்டைக்கு மட்டும், அதுவும் சொட்டாக. மொட்டை மாடி வெயிலில் உள்வரை காய்ந்த பிறகே முடிவார். ஈரத்தோடு கட்டினால் பூஞ்சை பிடிக்கும். இறுக்கிக் கட்டினால் வேர் நோகும் என்று தளர்வாகவே முடிவார். தூங்கும்போது பருத்தித் துணி சுற்றிக்கொள்வார்.

இத்தனையும் எனக்குத் தெரியும். ஆகவே தோள் வலியால் அவருக்குக் கை உயராமல் போனபோது, அந்தப் பொறுப்பு எனக்கே என்று எண்ணினேன். இரண்டாம் வாரமே அக்கா கேட்டார்: "நீ தலை அலசுறியாடி, இல்ல தணிக்கை பண்றியா?"

பொறுப்பு மும்தாஜுக்குப் போனது. கோரிப்பாளையத்திலிருந்து வந்து அக்காவின் கடையில் நெடுங்காலம் உடன் தைத்தவர். அலசும் நாட்களில் நான் கீழே வெங்காயம் உரிப்பேன். மாடியில் இருவரும் சிரிப்பார்கள். என்ன என்று கேட்டால், "ஒண்ணுமில்லடி" என்று பதில் வரும்.

கடைசியில் மூச்சுத் திணறலால் ஆஸ்பத்திரியில் இருந்தார், அங்கேயே அடங்கினார். வீட்டுக்குக் கொண்டுவந்தோம். உறவுப் பெண்கள் இறந்தவர் தலையில் எண்ணெயும் சீயக்காய்ப் பொடியும் வைத்துக் குளிப்பாட்டுவது எங்கள் வழக்கம். கிண்ணங்கள் தயாராயின. அப்போது மும்தாஜ் என் முழங்கையைத் தொட்டார்.

"சின்னக்கா, பொடி வைக்க வேணாம். முடியை வெட்டவும் கூடாது, ஈரத்தோட கட்டி அனுப்பவும் கூடாதுன்னு அக்கா சொல்லுச்சு."

"எப்ப?"

"ஆஸ்பத்திரியில. உங்ககிட்டச் சொல்லலையா?"

சொல்லவில்லை. கடைசி ஆசையும் இவளிடம்தானா என்று வயிறு எரிந்தது. "என்கிட்ட ஏன் சொல்லல?" என்றேன்.

"நானும் கேட்டேன். 'இப்பச் சொன்னா அவ அழுதே ஓஞ்சுருவா. நான் போன அன்னைக்குச் சொல்லு, கலெக்டரே வந்தாலும் அசைய மாட்டா'ன்னுச்சு."

அதற்குமேல் நான் அழவில்லை. சீயக்காயைக் கொதிக்க வைத்து வடிகட்டச் சொன்னேன்.

"தலைக்கு வைக்காம எப்படித்தா அனுப்புறது?" என்றார் அத்தை.

"காலடியில ஒரு தட்டுல வைங்க அத்தை. முறையும் ஆச்சு, முடியும் தப்பிச்சுச்சு."

சொந்தமில்லாதவர் தொடலாமா என்று யாரோ முணுமுணுத்தார்கள். "இம்புட்டு முடிக்கு என் ரெண்டு கை பத்தாது" என்று சொல்லி இடப்பக்கத்தை மும்தாஜுக்குக் கொடுத்தேன். துண்டால் ஒற்றி, மேசை விசிறிகளை வைத்து, சடைகளை விரித்துப் போட்டோம்.

"ஏம்மா, வண்டி வந்து நிக்குது. இன்னும் எம்புட்டு நேரம்?" என்றார் மாமா.

"காயிற வரைக்கும் மாமா."

மாமா வண்டிக்காரரைக் காத்திருக்கச் சொல்லப் போனார். ஒவ்வொரு சடையையும் வேரிலிருந்து நுனிவரை அழுத்திப் பார்த்து, ஈரமில்லை என்று உறுதியான பிறகே தளர முடிந்து அனுப்பினோம்.

அன்று காத்திருந்த உறவினர்க்கும், விசிறி தந்த அண்டை வீட்டார்க்கும், அக்காவை ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்டவர்களுக்கும் குடும்பத்தார் சார்பில் நன்றி. மும்தாஜுக்கும் நன்றி. அவர் பக்கத்துச் சடைகள் முதலில் காய்ந்தன. மாடியில் எதற்குச் சிரித்தார்கள் என்பதை இன்றுவரை அவர் எனக்குச் சொல்லவில்லை.