யூசுப் பாய் ஊற்றாமல் விட்ட அடிட்டிவ்

சில மாதங்களுக்கு முன் ஒரு காலையில் யூசுப் பாயின் மகன் துபாயிலிருந்து பேசினான். "அத்தா தூக்கத்துலயே போயிட்டாரு சார்." அடுத்த தெருவில் நடந்த மரணம் கடல் தாண்டிப் போய்த்தான் என் காதுக்கு வந்தது.

வடசென்னைக் கல்மண்டபத்தில் இருக்கும் உங்களில் பலர் அவரைத் துறைமுகத்துக் கிரேன் ஆபரேட்டராக அறிவீர்கள். எனக்கு அவர் ஞாயிற்றுக்கிழமை நண்பர். ஓய்வுபெற்றபின் மகன் வாங்கிக் கொடுத்த புதுக் காரில் என்னை எண்ணூர் வரை கூட்டிப்போவார். இருவருமே மனைவியை இழந்தவர்கள். டிரெய்லர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் அவருக்குக் கொண்டாட்டம். "இன்னா அவசரம் வாத்தியாரே? வூட்ல யாரு காத்துகினு கீறாங்க?" என்பார்.

போன வருடம் எஞ்சினில் 'டக் டக்' என்று ஒரு சத்தம். அது அடங்கட்டும் என்று டோல்கேட் கடையில், எஞ்சின் ஆயிலோடு கலக்கும் அடிட்டிவ் புட்டி ஒன்றை வாங்கிவந்தார். பள்ளியில் வேதியியல் நடத்தியவன் நான். சும்மா இருக்க முடியவில்லை.

"இப்ப வர்ற ஆயில்ல வேண்டியதை எல்லாம் அளவாக் கலந்துதான் விக்கிறாங்க பாய். பக்குவமா இறக்கின பிரியாணியில இன்னொரு மசாலா பாக்கெட்டைக் கொட்டுவீங்களா?"

"நீ துன்னுட்டு கொற சொல்ற ஆளு. ஆக்கிப் பாத்தாத்தான் தெரியும்" என்றவர், குரலைத் தாழ்த்தினார். "அடுத்த மாசம் பையன் வரான். இந்தச் சத்தம் கேட்டான்னா வண்டிய வித்துடுவான். வயசாச்சு, ஓட்டாதன்னு ஏற்கெனவே சொல்லிகினு கீறான். அப்பால நாம எங்க போறது?"

ஆனாலும் புட்டியைத் திறக்க விடவில்லை. காய்ச்சல்காரப் பிள்ளையின் வாயைப் பொத்தினால் முனகல் நிற்கும், காய்ச்சல் நிற்குமா என்றேன். முறைத்துக்கொண்டே தண்டையார்பேட்டை மெக்கானிக்கிடம் வண்டியை விட்டார்.

மெக்கானிக் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினார். நுனியில்கூட ஆயில் ஒட்டவில்லை. "இன்னா நைனா, இத்த எப்ப பாத்த?"

பாய் விழித்தார். துறைமுகத்தில் ஆயில் பார்ப்பது பராமரிப்பு ஆட்களின் வேலை; கிரேன்காரர் ஏறி உட்கார்ந்தால் போதும். வேலைக்காலம் முழுவதும் வேறொருவர் பார்த்துவைத்த எஞ்சினை ஓட்டியவர், இதையும் யாரோ பார்த்திருப்பார்கள் என்று இருந்துவிட்டார். கசிவை அடைத்து, காரின் கையேட்டில் சொன்ன ஆயிலை நிரப்பியதும் சத்தம் நின்றது. எஞ்சின் கெடாமல் தப்பியது எங்கள் அதிர்ஷ்டம்.

திரும்பும் வழியில் சிரித்தார். "மசாலா வேணாம்னு கரீட்டா சொன்ன வாத்தியாரே. சட்டில பிரியாணியே இல்லன்னு நீயும் பாக்கலயே!"

கடைசி வரை கார் அவரிடமே இருந்தது. இப்போது மகன் வந்து விற்றுவிட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கு ஓட்டத் தெரியாது.

ஞாயிறு காலை குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு பேருந்து ஏறுகிறேன். எண்ணூரில் சற்று நின்றுவிட்டுத் திரும்புகிறேன். பாய் செய்துவந்த ஒரு வேலையை மட்டும் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்: வாரம் ஒருமுறை இந்தக் கிழவனை வீட்டைவிட்டு வெளியே கூட்டிப்போவது.