இத்ரூஸ் நானாவின் சிவப்புக் கோடுகள்

இத்ரூஸ் நானா மவுஸை அழுத்தி, திரைக்கு மேலே உள்ள சின்னப் பெட்டியில் ‘பைனல்’ என்பதைத் தெரிவு செய்கிறார். கடிதத்தின் மேல் கிடந்த சிவப்புக் கோடுகள், நீல அடிக்கோடுகள், வலப்பக்கத்தில் நூல் கட்டித் தொங்கிய குறிப்புகள் எல்லாம் ஒரே கணத்தில் மறைகின்றன. கதிரையில் சாய்ந்து, பிளேன்டியில் ஒரு மிடறு குடிக்கிறார். அது தொண்டையைத் தாண்டுவதற்குள் சந்தேகம் வந்துவிடுகிறது. மறுபடி அழுத்திப் பழைய காட்சிக்குப் போகிறார். வெட்டியதும் சேர்த்ததும் வைத்தது வைத்தபடி இருக்கின்றன. “அல்ஹம்துலில்லாஹ்” என்று சொல்லிவிட்டுத் தேநீரை முடிக்கிறார்.

பலாபத்வலையில், மெயின் ரோட்டைப் பார்த்த மாடியில் இருக்கிறது அவர் வேலை செய்யும் மிளகு விவசாயிகள் சங்கத்தின் கந்தோர். தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றப் போகும் லொறி கடக்கும்போதெல்லாம் மேசை நடுங்கும். மவுஸ் அம்பு திரையில் ஒரு சொல் தள்ளிப் போய் நிற்கும். தள்ளிப் போன இடத்திலும் திருத்துவதற்கு ஏதாவது இருக்கும். ‘தங்களுக்கு’ என்பதைத் ‘தங்களிற்கு’ என்று மாற்றுவார். மாலையில் அதையே திரும்பவும் மாற்றுவார். அவருடைய கணினியில் ஒரே கடிதம் ‘கடைசி’, ‘கடைசியிலும் கடைசி’, ‘இதுதான்’, ‘இதுதான் புதிது’, ‘தொடக்கூடாது’, ‘தொட்டது’ என்று பல பெயர்களில் குடியிருக்கும். எதை அனுப்பினீர்கள் என்று கேட்டால், “அனுப்பினது டிராப்ட் தான். பைனல் எங்கிட்ட இருக்கு” என்பார்.

வீட்டிலும் இதே கதைதான். வாட்ஸப்பில் மனைவி ஹிதாயாவுக்கு ஒன்றை அனுப்புவார், அழிப்பார், வேறு மாதிரி அனுப்புவார், அதையும் அழிப்பார். அந்த அம்மாவுக்கு இது பழகிவிட்டது. “அழிஞ்ச மெசேஜ் ஒண்டு வந்தா பஸ் ஏறிட்டாரு. ரெண்டு வந்தா சந்தியில எறங்கிட்டாரு. மூணாவது வந்தா நான் சோறு போட்டுடுவேன்” என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பார்.

கந்தோரில் அவருக்கு எதிர்மேசை கிருஷாந்தினியுடையது. சிங்களக் கடிதங்களும் ஆங்கிலக் கடிதங்களும் அவள் பொறுப்பு. தமிழ், நானாவின் பொறுப்பு. வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே அவள் எச்சரித்தாள்.

“சேர், பைனல்னு போட்டா அந்தக் கோடெல்லாம் மறையுது, அவ்வளவுதான். போகல. ‘அக்செப்ட்’ அமுக்கினாத்தான் போகும்.”

“அக்செப்ட் எண்டா ஏத்துக்கிறது. ஏத்துக்கிறதுக்கு நான் யாரு தங்கச்சி? கமிட்டி ஏத்துக்கணும்.”

“கமிட்டி வந்து மவுஸ அமுக்குமா சேர்?”

“அதுக்கு ஒரு தீர்மானம் போடலாம்.”

போட்டார். கமிட்டியும் கையுயர்த்தி நிறைவேற்றியது. அந்தக் கூட்ட அறிக்கை இன்றைக்கும் டிராப்டில்தான் இருக்கிறது.

இப்படியே ஓய்வுபெறும் வரை ஓடியிருக்கும். சங்கம் மிளகு காயவைக்க ஒரு மண்டபம் கட்டியதால் ஓடவில்லை. பறித்த மிளகு முற்றத்தில் கிடக்கும்போது மழை கொட்டிப் பூஞ்சணம் பிடித்துப் போவதை வருடாவருடம் பார்த்துச் சலித்த சனங்களுக்கு அது பெரிய காரியம். சும்மா திறக்க முடியுமா? கறுப்புக் கருங்கல்லில் மூன்று மொழியிலும் எழுத்து வெட்டிப் பதிக்க வேண்டும் என்று முடிவாயிற்று.

சங்கத் தலைவர் சுந்தரலிங்கம் நல்ல மனிதர். மண்டபத்துக்காக மாவட்டக் கந்தோர்ப் படிகளில் ஏறி இறங்கிச் செருப்புத் தேய்ந்தவர். அவருக்கு ஒரேயொரு ஆசை. அதை ஊரில் எவரிடமும் சொல்லவில்லை. தேநீர்க் கடையின் மூலை மேசையில், பணிஸைப் பிய்த்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல், இத்ரூஸ் நானாவிடம் மட்டும் சொன்னார்.

“மத்த சங்கத் தலைவருங்களுக்கெல்லாம் பேருக்கு முன்னால என்னமாச்சும் இருக்கு நானா. எனக்கு ஒரு ‘சமூக ஜோதி’ போட்டா என்ன? நான் கேட்டேன்னு தெரிய வேணாம். சும்மா தானா வந்த மாதிரி.”

“பார்ப்பம் தலைவர்” என்றார் இவர்.

பார்க்கத்தான் செய்தார். ‘சமூக ஜோதி’ என்று தட்டினார். பட்டம் என்பது மற்றவர்கள் கொடுப்பது, கேட்டு வாங்கினால் நன்றாக இல்லை என்று தோன்றியது, வெட்டினார். அந்த மனிதரின் முகம் நினைவுக்கு வந்தது, மறுபடி சேர்த்தார். கடைசியில் வெட்டியதாகவே விட்டு, பக்கத்தில் தன் ஞாபகத்துக்கு ஒரு குறிப்பும் எழுதினார். பிறகு ‘பைனல்’ போட்டுப் பார்த்தார். பக்கம் பளிச்சென்று இருந்தது. கிருஷாந்தினி அன்று லீவு. தம்புள்ளையில் மெஷினால் கல் வெட்டுபவருக்குத் தானே வாட்ஸப்பில் அனுப்பிவைத்தார். அதை மட்டும் அழிக்கவில்லை.

கல் வெட்டுபவர் சிங்களவர். தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆனால் வேலையில் கவனமான ஆள். அடுத்த நாளே போன் எடுத்துக் கேட்டார்: “மாத்தயா, சிவப்புக் கோடெல்லாம் வேணுமா?”

கல்லின் ஓரத்தைச் சுற்றிச் சிவப்புக் கரை போடச் சொல்லியிருந்தது இத்ரூஸ் நானாவுக்கு நினைவிருந்தது. “கட்டாயம் வேணும்” என்று சிங்களத்தில் சொன்னார். “எப்படி அனுப்பினேனோ அப்படியே வரணும். ஒரு எழுத்துக்கூட மாறக்கூடாது.”

திறப்புவிழாக் காலையில் மேசன் கல்லைச் சுவரில் பதித்து, மேலே மஞ்சள் துணித் திரையும் கட்டிவிட்டுப் போயிருந்தார். விருந்தாளிகள் வருவதற்கு முன் ஒரு தரம் பார்த்துவிடலாம் என்று இத்ரூஸ் நானா திரையின் ஓரத்தைத் தூக்கினார். சிங்களம் பொன்னெழுத்தில் மின்னியது. ஆங்கிலமும் அப்படியே. அடியில், தமிழில், அவருடைய கணினியில் உள்ள அத்தனையும் கருங்கல்லில் இருந்தன. வெட்டிய சொற்களுக்குக் குறுக்கே சிவப்புக் கோடு, சேர்த்த சொற்களுக்குக் கீழே நீலக் கோடு. வலப்பக்கத்தில் குறிப்புகள், ஒவ்வொன்றும் ஒரு பெட்டிக்குள், நூல் உட்பட. கல் வெட்டுபவர் மெல்லிய தூரிகையால் நிறம்கூட வழியாமல் தீட்டியிருந்தார்.

‘அயராத உழைப்பினால்’ என்ற இடத்துக்குப் பக்கத்துப் பெட்டியில், ‘யாருடைய உழைப்பு? விசாரிக்கவும்’ என்றிருந்தது. திகதிக்குப் பக்கத்தில், ‘மழை பெய்தால் மாறும்.’ அதற்கும் கீழே, சிவப்புக் கோடு விழுந்த ‘சமூக ஜோதி’யிலிருந்து புறப்பட்ட நூலின் முனையில்: ‘தலைவர் தாமே கேட்டார். கேட்காதது போல் கன்னியமாக விட்டுவிடலாம். – இத்ரூஸ்.’

துணியைக் கீழே விட்டார். அந்த மூலை மேசையும், பிய்த்துப் போட்ட பணிஸும், ‘தெரிய வேணாம்’ என்ற குரலும் ஒன்றாக வந்து நெஞ்சில் உட்கார்ந்தன.

கிருஷாந்தினியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் குனிந்து வாசித்தாள். “சேர், நான் அன்னைக்கே சொன்னேன்” என்று சொல்லலாம், சொல்லவில்லை. சுற்றிலும் பார்த்துவிட்டு, மங்கள விளக்கை இழுத்து வந்து தமிழ்ப் பகுதிக்கு முன்னால் வைத்தாள். விளக்கின் தண்டு சரியாக ஒரு நூலை மட்டும் மறைத்தது.

வேறு வழியில்லாமல் அவர் தலைவரையே தேடிப் போனார். சுந்தரலிங்கம் புது வேட்டியில், வெற்றிலைத் தட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

“தலைவர், கல்லு இன்னம் டிராப்ட்ல இருக்கு.”

“கல்லு எப்படி நானா டிராப்ட்ல இருக்கும்?”

“இருக்குங்க. இண்டைக்குத் திரையத் தொறக்க வேணாம்.”

“உங்களுக்குப் படபடப்பு. போய்ப் பாற்சோத்துத் தட்டு வந்திருச்சான்னு பாருங்க.”

அதற்குள் மாவட்டத்திலிருந்து அதிகாரி அம்மையார் வந்து இறங்கிவிட்டார். விளக்கேற்றினார்கள், பேசினார்கள். இத்ரூஸ் நானா கூட்டத்தின் கடைசியில் நின்று, வானத்தைப் பார்த்து ஒரு பெருமழைக்கு துஆ கேட்டார். வெயில்தான் அடித்தது. அம்மையார் கயிற்றை இழுத்தார். திரை விலகியது.

அம்மையார் சிங்களத்தை வாசித்தார். ஒரு பிழையும் இல்லை, கை தட்டினார். பிறகு தமிழ்ப் பகுதியைப் பார்த்து, முகம் மலர்ந்து, இவ்வளவு வேலைப்பாட்டோடு தமிழ் எழுத்தை எந்த விழாவிலும் கண்டதில்லை என்று சிங்களத்தில் சொன்னார். தன் கைபேசியில் ஒரு படமும் எடுத்துக்கொண்டு, அடுத்த விழாவுக்கு நேரமாகிவிட்டதென்று புறப்பட்டுப் போனார்.

தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் கிட்டே வந்தார்கள். மலைச்சரிவில் மிளகுத் தோட்டம் வைத்திருக்கும் நல்லம்மா, கண்ணாடியை மூக்கில் இறக்கி உரக்க வாசித்தார்: “யாருடைய உழைப்பு, விசாரிக்கவும்.” திரும்பி எல்லாரையும் பார்த்தார். “நல்ல கேள்வி. மேசனுக்கு மண்ணு சுமந்தது நானு. எம் பேரு எங்க?”

எங்கள் ஊர்ப் பேரும் இல்லை என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. காலியாக இருக்கிற பக்கத்தில் இன்னும் இரண்டு பெட்டி போடலாமே என்றது இன்னொரு குரல். கொஞ்ச நேரத்தில் கல்லுக்கு முன்னால் ஒரு கமிட்டிக் கூட்டமே நடந்தது.

சுந்தரலிங்கமும் கிட்டே வந்தார். அடிவரைக்கும் வாசித்து, கடைசிப் பெட்டிக்கு வந்து நின்றார். கழுத்து சிவந்தது. நல்லம்மாவும் அதை வாசித்துவிட்டார் என்பது அவர் வாயை மூடிக்கொண்டதிலிருந்து தெரிந்தது. சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. இத்ரூஸ் நானா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

“தலைவர், பிழை என்னுது. உங்கள மட்டந்தட்ட எழுதினதில்ல.”

“நான் கேட்டது உண்மைதானே நானா.” குரல் இறங்கியிருந்தது. “கேட்டிருக்கக் கூடாது.”

“வேற கல்லு போடுவோம். நானே தம்புள்ளைக்குப் போறேன்.”

தலைவர் கல்லருகே போய், ‘சமூக ஜோதி’யின் மேல் விரலை ஓட்டினார். சிவப்புக் கோட்டின் ஆழத்தைத் தடவினார். கோட்டுக்கு அடியில் எழுத்தின் ஆழத்தையும் தடவினார்.

“வெட்டியிருக்கீங்க.”

“ஆமாங்க.”

“வெட்டினாலும் வாசிக்க முடியுது.”

“முடியுதுங்க.”

“கல்லுல இருக்கு.”

“இருக்குங்க.”

சுந்தரலிங்கம் விரலை எடுத்தார். நல்லம்மாவைப் பார்த்தார். “கேக்காம எதுதான் தம்பி கெடைச்சிருக்கு நமக்கு? இந்த மண்டபமும் கேட்டு வாங்கினதுதான்” என்றார் நல்லம்மா, அவருக்குக் கேட்கிற அளவுக்கு மட்டும்.

“வேற கல்லு வேணாம்” என்றார் தலைவர். “திரும்பவும் நானா எழுதி, கமிட்டி பார்த்து, அதுக்குள்ள என் தலைவர் பதவியே முடிஞ்சிரும். இது இருக்கட்டும்.” வேட்டியைச் சரிசெய்துகொண்டு, ஸ்டூடியோக்காரரைக் கைகாட்டிக் கூப்பிட்டார். “தம்பி, ஒரு படம் எடுங்க. எழுத்து விழணும். நானாவும் வாங்க. உங்க பேருந்தான் போட்டிருக்கே.”

இத்ரூஸ் நானாவுக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்க் கல்லின் மறுபக்கம் நின்றார். நிற்கும்போது கண் தன்னிச்சையாகத் தன் குறிப்பின் மேல் ஓடியது. ஒரு சொல்லில் நின்றது. வலது கையைத் தூக்கி, கல்லை உரிமையோடு அணைத்துக்கொள்கிறவர் போல உள்ளங்கையை அதன் மேல் வைத்தார்.

“நானா, கைய எடுங்க. எழுத்து மறையுது” என்றார் ஸ்டூடியோக்காரர்.

“இப்படியே எடுங்க தம்பி.”

“ஒரு சொல்லு தெரியாம போகுது நானா.”

“தெரிய வேணாம்” என்றார் இத்ரூஸ் நானா. மூன்று சுழி வரவேண்டிய ‘கண்ணியமாக’வில் அவரே இரண்டு சுழி போட்டுத் தட்டியிருந்தார். கமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, கையை இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொண்டார்.