ஒரு விரல், ரெண்டு விரல்

அப்பா சொன்னது வீக் ஆர்க்யுமென்ட் என்று அன்றைக்கு நான் சொல்லவில்லை.

ஹால் முழுக்க வெங்காய பக்கோடா வாசனை... தலைக்கு மேலே ஃபேனின் கடகட. பேங்க் வேலைக்கு ஆர்டர் வந்திருந்தது. தர்மபுரி கிளை. நான் போவதா வேண்டாமா என்று பேசத்தான் எங்கள் கம்பெனி குவாட்டர்ஸில் எதிர் வீட்டு அங்கிளை அப்பா கூப்பிட்டிருந்தார்.

என் பக்கத்தில் என் ஃப்ரெண்ட் ஸ்டெல்லா. பேங்க் பரீட்சைக்கு இரண்டு பேரும் ஒன்றாகத்தான் கோச்சிங் போனோம். ரீசனிங்கில் ஒரு பகுதி வரும். ஒரு கேள்வி... அதற்கு 'வேண்டும்', 'வேண்டாம்' என்று இரண்டு வாதங்கள். காரணம் கேள்விக்குப் பொருந்தினால் ஸ்ட்ராங். வெறுமனே பயமுறுத்தினாலோ, ஒரே ஒரு ஆளைக் காட்டி எல்லோரும் அப்படித்தான் என்றாலோ வீக். வெளியிலும் இதே விளையாட்டுதான் எங்களுக்கு. யார் பேசினாலும் ஸ்ட்ராங்குக்கு ஒரு விரல் தட்டுவோம், வீக்குக்கு இரண்டு.

"என் மச்சான் பொண்ணு பெங்களூர் போச்சு சார். ஒரே வருஷத்துல ஒரு பையனோட வந்து நின்னுச்சு," என்றார் அங்கிள்.

சோபாவில் ஸ்டெல்லாவின் இரண்டு விரல்கள்.

"பொறந்த ஊர்லயே இருக்கறவங்கதான் நிம்மதியா இருப்பாங்க."

அங்கிள் பிறந்தது விருதுநகர். அப்பா தென்காசி. எங்கள் பிளாக்கில் பிறந்த ஊரிலேயே இருந்தது பிள்ளைகள் நாங்கள் மட்டும்தான். சிரித்துவிடாமல் இருக்க ஸ்டெல்லா ஒரு முழு பக்கோடாவை வாயில் அடைத்துக்கொண்டாள்.

அதுவரை பேசாத அப்பா மெதுவாகச் சொன்னார். "இவ போயிட்டா, செகண்ட் ஷிஃப்ட் முடிஞ்சு வரும்போது கதவை யாரு திறப்பா?"

பரீட்சைக்குப் படித்த நாட்களில் நான்தான் விழித்திருந்து திறப்பேன். பாடத்தின்படி அது வீக்தான். ஆனால் ஸ்டெல்லாவின் விரல் அசையவில்லை. என் விரலும்தான். 'நான் போகலப்பா' என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது...

சமையலறையிலிருந்து கரண்டியோடு அம்மா வந்தாள். சேத்தியாத்தோப்புக்காரி. "ஏங்க, அவ படிக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி இத்தினி வருஷமா யாரு திறந்துகினு இருந்தது? பேயா?"

முதலில் சிரித்தது அங்கிள்தான். அப்பாவாலும் அடக்க முடியவில்லை. ஸ்டெல்லா ஒரு விரலால் பக்கோடா தட்டில் தட்டினாள், எல்லோருக்கும் கேட்கும்படியாகவே.

இப்போதும் ஆபீஸ் மீட்டிங்கில் யாராவது அளந்துவிட்டால் மேஜைக்கு அடியில் என் இரண்டு விரல்கள் தானாகத் தட்டுகின்றன. திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் ஸ்டெல்லா இல்லை.

அன்றைய பேச்சுக்கு அடுத்த திங்கட்கிழமையே நான் தர்மபுரியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அப்பா கதவுக்கு இன்னொரு சாவி செய்துகொண்டார்.