சம்பலுக்கு வைத்திருந்த ஐஸ்

விமானத்தில் மருந்து கொண்டுபோவதைப் பற்றி யாராவது கேட்டால் மூச்சு விடாமல் பேசுவேன். மருந்து கைப்பையில்தான் வர வேண்டும், பெரிய பெட்டியில் போட்டு அனுப்பவே கூடாது. பெயர் ஒட்டிய அட்டைப் பெட்டியோடு இருக்க வேண்டும், டாக்டர் கடிதம் மேலாக இருக்க வேண்டும். முதல் பயணத்திலேயே இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தவள் நான். அப்படிச் செய்தும் கோட்டை விட்டவளும் நான்தான்.

மகளுக்கு அப்போது நான்கு வயது. சர்க்கரை நோய் என்று தெரிந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு இன்சுலின், படுக்கும்போது வேறொரு இன்சுலின். தவறினால் ஆஸ்பத்திரிதான். அந்த நேரம் பார்த்துக் கடல் தாண்டிய கூச்சிங்கில் நாத்தனார் குழந்தைக்கு ஞானஸ்நானம். என் வீட்டுக்காரர் தாய்மாமன், போகாமல் இருக்க முடியுமா?

பினாங்கிலிருந்து போகிறவர்கள் கையை வீசிக்கொண்டு போக முடியாது. "அண்ணி, உங்க இறால் சம்பல் இல்லாம வராதீங்க லா" என்று நாத்தனார் போனிலேயே சொல்லிவிட்டாள். ஆயர் ஈத்தாம் பாசாரில் இறால் வாங்கி, அரைத்த மிளகாயோடு கிளறி, டப்பாக்களில் அடைத்துக் கல்லாக உறைய வைத்தேன். எங்கள் வீடுகளில் விமானமேறும் சாப்பாடு எல்லாம் அப்படித்தான் போகும். சுற்றி வைக்க நான்கு ஐஸ் பைகளும் தயார்.

மகளைக் காரில் வார் போட்டு உட்கார வைக்கும் கார் சீட்டுக்கு எங்கள் டிக்கெட்டில் எடைக் கணக்கு கிடையாது, இலவசமாகப் போகும். அதற்கென்று வாங்கிய பையில் சீட் போக இடமும் மிச்சமிருந்தது. சும்மா விடுவேனா? சம்பல் டப்பாக்களைச் சீட்டின் மேலேயே உட்கார வைத்தேன்.

"பிள்ளை உக்கார்ற சீட்டு லா. அதுல போய் சம்பலை வைக்கிறியே," என்றார் வீட்டுக்காரர். பிறை ஊரில் தொழிற்சாலை டெக்னீஷியன். எதிலும் ஒழுங்கு வேண்டும் அவருக்கு.

"உங்க தங்கச்சிக்குத்தானே கொண்டுபோறேன், எங்க அம்மாவுக்கா?" என்றேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கெரேட்டாவில், அதுதான் காரில், ஏற்றப் போய்விட்டார்.

அவர் கீழே போனதும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இந்த வெயிலில் இன்சுலின் கெட்டுவிட்டால்? சம்பல் கெட்டால் போகட்டும், என் பிள்ளை மருந்து கெடலாமா? சம்பலைச் சுற்றியிருந்த நான்கு ஐஸ் பைகளையும் உருவி, புது இன்சுலின் பேனாப் பெட்டிகளுக்குக் கீழே இரண்டு, மேலே இரண்டு என்று இறுக்கி வைத்து, குளிர்ப்பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.

திரும்பி வந்தவர், மகளுக்கு ஏற்கெனவே திறந்து போட்டுவந்த இரண்டு இன்சுலின் ஊசிப் பேனாக்களையும் சட்டைப் பையில் சொருகிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, மருந்து என்ன சிகரெட்டா? சூட்டுல வீணாப் போயிரும். மரியாதையா குளிர்ப்பையில வைங்க!"

"சரி, சரி," என்றார். வைத்தாரா என்று நான் பார்க்கவில்லை.

விமான நிலையத்தில் கார் சீட்டை அனுப்பிவிட்டுப் பாதுகாப்புச் சோதனைக்கு வந்தோம். டாக்டர் கடிதத்தைப் பெருமையாக நீட்டினேன். மலாய்க்காரப் பெண் அதிகாரி படித்துத் தலையாட்டினார். குளிர்ப்பையைத் திறந்து ஒரு பேனாவை எடுத்துச் சாய்த்துப் பார்த்தார். "அக்கா, இது உறைஞ்சு போச்சே," என்றார் மலாயில்.

எல்லாவற்றையும் பிடுங்கிப் பார்த்தேன். ஒன்று மிச்சமில்லாமல் உள்ளே ஐஸ். உறைந்த இன்சுலின் உருகினாலும் உதவாது, குப்பைக்குத்தான். அது எனக்குத் தெரியாதா? வீட்டில் ஃப்ரீசர் பக்கமே அதைக் கொண்டுபோக மாட்டேன். பயணம் என்றதும் சம்பல் புத்தி வந்துவிட்டது.

"போச்சுங்க! நானும் பாப்பாவும் வீட்டுக்குப் போறோம், நீங்க மட்டும் போங்க," என்று எல்லோர் முன்னாலும் அழுதேன். அவர் சட்டைப் பைக்குள் கைவிட்டு இரண்டு பேனாக்களையும் எடுத்துக் காட்டினார்.

"இதுலயே ஒரு வாரத்துக்கு இருக்கு. நமக்கு நாலு நாள்தானே?"

"வெளியிலயே வச்சிருந்தா கெட்டுப் போகாதா?"

"திறந்த பேனா கிட்டத்தட்ட ஒரு மாசம் தாங்கும். வெயில் படாம இருந்தா சரி. வா."

கூச்சிங்கில் கார் சீட் பை சிவப்பாக ஒழுகிக்கொண்டு வந்தது. இறால் சம்பல் முழுக்கச் சீட்டின் மேல்தான். ஈரத் துணியால் துடைத்துத் துடைத்து என் கை எரிந்தது. அவர் ஒவ்வொரு வாராக இழுத்துப் பார்த்து, அடியில் விரிசல் இல்லை என்று தெரிந்த பிறகுதான் மகளை உட்கார வைத்தார். "அம்மா, என் சீட்டு சோறு மாதிரி வாசமா இருக்கு. பசிக்குது," என்றாள் மகள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாத்தனார் வீட்டில் சோறு போட்டார்கள். சட்டைப் பையில் வந்த பேனாவைத் திருகி அவர் அளவு வைத்தார், நான் மகளின் கையைப் பிடித்துக்கொண்டேன். ஊசி போட்டுக்கொண்டு அவள் பாட்டுக்குச் சாப்பிட ஆரம்பித்தாள்.

"வெளியில வச்சா தாங்கும்னு உங்களுக்கு யாரு சொன்னது?" என்று கேட்டேன்.

"ஆஸ்பத்திரியில, முதல் நாளே நர்ஸ் சொன்னாங்களே. நீயும் பக்கத்துலதான் உக்காந்திருந்தே."

"எனக்கு ஞாபகமே இல்லைங்க."

"நீ அழுதுக்கிட்டு இருந்தே," என்றார் அவர். "ரெண்டு பேரும் அழுதா, அவங்க சொல்றதை யாரு கேக்குறது?"