ஒரு சொட்டுக் கொடுத்தால் என்ன?

போன மாதம், சேலத்துக்கு மேலே மலையிலிருக்கும் செம்மநத்தத்தில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். திட்டியது வேறு யாருமில்லை, என் தங்கை மகள் ஜெனி. சேலத்தில் ஆராய்ச்சி மாணவி.

எலுமிச்சைப் புல் தைலம் கிருமியைக் கொல்லும். ஆனால் தண்ணீரில் கலக்காது, சீக்கிரம் ஆவியாகிவிடும். ஜெனி அதை நானோ அளவுக்கு – கண்ணுக்கே தெரியாத துளிகளாக – உடைத்துத் தண்ணீரில் மிதக்க விடுகிறாள். கொஞ்சம் தைலம், நிறைய வேலை. புண்ணில் பிசின் போல ஒட்டியிருக்கும் கிருமிக் கூட்டத்துக்குள்ளும் புகுந்துவிடுமாம்.

அவளுக்குப் புல் கொடுப்பவர் சின்னப்பொண்ணு அக்கா. காப்பித் தோட்டத்து ஓரத்தில் வளர்க்கிறார். அன்று ஜெனியும் நானும், அக்காவுக்குக் காட்ட ஒரு புட்டி மருந்தோடு, புல் எடுக்கப் போனால், மனுஷி நொண்டிக்கொண்டு வருகிறார். சர்க்கரை நோய்க்காரர், காலில் புண். துணியை அவிழ்த்தார்... ஐயோ! நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"ஏங்கண்ணு, என்ற புல்லுல செஞ்ச மருந்துதான? ஒரு சொட்டு ஊத்தி உடு சாமி. ஆஸ்பத்திரிக்குப் போனா காலையே எடுத்துப்போடுவாங்க."

"இல்லீங்கக்கா. இது இன்னும் கண்ணாடித் தட்டுல இருக்கற கிருமியத்தான் கொன்னிருக்குது. மனுசங்க சதைய என்ன பண்ணும்னு எனக்கே தெரியாதுங்க."

"ரெண்டு வருசமா புல்லுக் குடுக்கறேன்... எனக்கில்லையா?"

அக்கா அழுதுவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. பெரிய மனுஷன் அல்லவா?

"அட, ஒரு சொட்டுக் குடுத்தா குடியா முழுகிப்போகும்?"

"மாமா, வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்கீங்களா?"

அக்கா பக்கம் திரும்பியபோது ஜெனிக்கும் கண் கலங்கியிருந்தது. "வாங்கக்கா, ஆஸ்பத்திரிக்குப் போலாம். நான் கூடவே இருக்கறனுங்க."

என் காரில்தான் மலை இறங்கினோம். அக்கா வழியெல்லாம் ஜெனியின் முகத்தையே பார்க்கவில்லை. அவ்வளவு கோபம். ஜெனியோ சொன்னபடி நான்கு நாளும் வார்டிலேயே கிடந்தாள்.

ஒரு விரலை எடுத்தார்கள். "இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா பாதமே போயிருக்கும்" என்றார் டாக்டர். இப்போது அக்கா மெதுவாக நடக்கிறார். ஜெனியோடு மறுபடி பேச ஆரம்பித்துவிட்டார் என்பதில் எனக்குப் பெரிய நிம்மதி.

ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்பார்களே... அடுத்தவர் மருந்தில் எனக்கு எவ்வளவு தாராளம்! அந்தச் சொட்டு காலில் விழுந்திருந்தால், மருந்து போட்டாயிற்று என்று அக்கா நிம்மதியாக வீட்டிலேயே இருந்திருப்பார்.

நான் நல்லவன் என்று பெயரெடுத்திருப்பேன் – அவருடைய கால் செலவில்.