துணி சுருங்கவில்லை, மேடம்

பிலோமினா மேடம் போன செவ்வாய்க்கிழமை காலை மாரடைப்பில் இறந்துவிட்டார். ஒரகடத்துக் கம்பெனி ஒன்றில் பிசியோதெரபிஸ்டாக இருந்து, வேலை போனபின் சேரப்பணஞ்சேரியில் சின்ன அறை எடுத்து வைத்தியம் பார்த்தவர். எனக்குச் செய்தி சொன்னது, அவரை வெளியே அனுப்பிய அதே கம்பெனியின் எச்.ஆர். மேனேஜர். "கறுப்பு பேட்ஜ் வேணும், சாயங்காலத்துக்குள்ள குடுத்துடுங்க" என்றார். முடியாது என்று போனை வைத்தேன். ஆர்டரை நான் மறுத்தது அதுதான் முதல் தடவை.

சேரப்பணஞ்சேரிக்காரர்களே, மேடத்திடம் முதுகையும் கழுத்தையும் காட்டியவர்கள் நீங்கள். நான் திட்டு வாங்கியவன்.

அந்தக் கம்பெனிக்கு யூனிபார்ம் தைத்துக் கொடுப்பது நான். ஒரே அசெம்பிளி லைனிலிருந்து சட்டைகள், தோள் உட்காரவில்லை என்று, ஆல்டருக்கு, அதாவது பிரித்துத் தைக்க, திரும்பி வந்துகொண்டே இருந்தன. வலது தோளை அரை அங்குலம் இறக்கி வெட்டச் சொன்னேன். கச்சிதமாக உட்கார்ந்தது. எனக்குப் பெருமை வேறு. ஒருநாள் மேடம் கடைக்கே வந்து ஒரு சட்டையை மேஜைமேல் எறிந்தார்.

"இன்னாண்ணா, ஆளு கோணினா சட்டையையும் கோணலா தெப்பியா? அவன யாரு நிமித்துறது?"

சாக்பீஸை எடுத்து அந்தச் சட்டையிலேயே பாடம் நடத்தினார். "பட்டன் பட்டி உடம்ப எடது வலதா பிரிக்குது. பக்கத் தையல் முன்ன பின்னன்னு பிரிக்குது. பெல்ட்டு மேல கீழ. மூணு தளம். தோள் எறங்கினா எதிர்ல நின்னு பாக்கணும், கழுத்து நீண்டா பக்கத்துல நின்னு பாக்கணும், இடுப்பு முறுக்கினா மேலருந்து பாக்கணும்."

காரணத்தையும் கண்டுபிடித்திருந்தார். அந்த லைனில் பார்ட்ஸ் ரேக் வலது பக்கம் முழங்கால் உயரத்தில் இருந்தது. ஷிப்ட் முழுக்க ஒரு பக்கமாகச் சாய்ந்து, முறுக்கி எடுக்க வேண்டும்.

இதைப் பேசக் கம்பெனியில் கூட்டிய மீட்டிங்குக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். எச்.ஆர். மேனேஜர், "வூட்ல போன நோண்டிக்கினு குனிஞ்சா இப்பிடித்தான்" என்றார்.

"போன் பாத்தா கழுத்துதான் சார் முன்ன நீளும். லைன் முழுக்க எப்பிடி வலது தோளு மட்டும் எறங்கும்?" என்றார் மேடம்.

மேனேஜர் என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க."

"துணி சுருங்கியிருக்கும் சார்" என்றேன். ஆர்டர் போய்விடும் என்ற பயம். வெளியே வந்ததும் மேடம் கேட்டது ஒன்றுதான்: "சுருங்கினா ரெண்டு பக்கமும் தானேண்ணா சுருங்கும்?" அடுத்த மாதம் அவருக்கு வேலை இல்லை. அந்தக் கம்பெனிமேல் எனக்கு எவ்வளவு ஆத்திரமோ, அவ்வளவு என்மேலும்.

அடக்கம் முடிந்த மறுநாள் காண்ட்ராக்ட் புதுப்பிக்கக் கூப்பிட்டார்கள். என் ஆல்டர் நோட்டை மேஜைமேல் வைத்தேன். எந்த லைன், எந்தத் தோள், எத்தனை தடவை, எல்லாம் அதில் இருக்கிறது.

"ரேக்கை மேல தூக்கி வைங்க, அப்பறம் கையெழுத்து."

"செத்தவங்களுக்காகத் தொழில கெடுத்துக்காதீங்க சார்."

"நிக்கிறவங்களுக்காகத்தான் கேக்குறேன். உங்ககிட்ட சரக்கு வாங்குற கம்பெனிலருந்து சோதிக்க ஆடிட்டர் அடுத்த வாரம் வர்றாராமே, நோட்டை அவருக்குக் காட்டட்டா?"

மேனேஜர் தண்ணீர் குடித்தார்.

மேடத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம்: டேப்பை எடுக்கும் முன் ஆளை எதிரிலும் பக்கத்திலும் நின்று பார்ப்பது. இருபது வருடத் தொழிலில் எனக்கே தோன்றாதது அது.

பேசி முடித்தது இப்படி: ரேக் இடுப்பு உயரத்தில், ஆளுக்கு நேர் எதிரே, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றம்; பதிலுக்கு என் சட்டை, விலை ஏற்றாமல், போன வருட விலைக்கே.